கடனைக் கட்டினால் மட்டும் போதாது. கணக்கையும் தீர்க்க வேண்டும்!

ஒரே கடனை இரண்டு முறை கட்ட யாராவது சம்மதிப்பார்களா?

மாட்டார்கள். ஆனாலும் சிலருக்கு அந்தக் கதி வந்துவிடுகிறது. அவர்கள் ஏமாளிகள் அல்ல, நாணயமானவர்கள்தான். பணத்தைக் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்ததைக் கோர்ட்டில் பதிவு செய்யவில்லை. குற்றம் அவ்வளவுதான்.

பாலக்கோடு பக்கத்தில் ஒரு தக்காளி விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோநோட்டு எழுதிக் கொடுத்து ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். அந்த வருடம் தக்காளி விலை விழுந்தது. பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை. கடனும் நின்றுவிட்டது.

கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டார். ஜெயித்தார். "பணத்தை வட்டியோடும் செலவோடும் கொடு" என்று கோர்ட்டு உத்தரவு போட்டது.

விவசாயி பயந்துபோனார். மாட்டை விற்றார். மகள் காதில் கிடந்ததை விற்றார். பணத்தை மடியில் கட்டிக்கொண்டு போய், கடன்காரர் கையில் எண்ணிக் கொடுத்தார். "சரி, கணக்குத் தீர்ந்தது, போய் வா" என்றார் அவர். ரசீது இல்லை. கோர்ட்டுப் பக்கம் இருவரும் போகவில்லை.

சில வருடம் கழிந்தது. கடன் கொடுத்தவர் இறந்தார். அவருடைய மகன் பீரோவைத் துழாவினான். கோர்ட்டு உத்தரவு கையில் கிடைத்தது. பணம் வந்த விவரம் அவனுக்குத் தெரியாது. வக்கீலிடம் போனான். விவசாயி வீட்டு வாசலில் அமீனா வந்து நின்றார்!

"ஐயோ, நான் கட்டிவிட்டேனே!" என்று விவசாயி அலறுகிறார்.

"கட்டியதைக் கோர்ட்டில் பதிவு செய்தாயா?" என்பதுதான் கேள்வி.

இது கற்பனைக் கதை. ஆனால் இதில் வரும் சட்டம் கற்பனை அல்ல. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

டிக்ரி என்றால் என்ன?

கடன் வழக்கில் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபின், அதன் முடிவை எழுதித் தரும் உத்தரவுக்கு டிக்ரி என்று பெயர். யார், யாருக்கு, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும்.

டிக்ரி வாங்கியவர் டிக்ரிதாரர். பணம் கொடுக்க வேண்டியவர் தீர்ப்புக் கடனாளி.

டிக்ரிக்கு ஆயுள் 12 வருடம். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் டிக்ரிதாரர் நிறைவேற்று மனுப் போடலாம். ஊரில் இதை "இ.பி." என்று சொல்வார்கள். ஆகவே, "ஐந்து வருடமாக ஆள் வரவில்லை, விட்டுவிட்டார்" என்று நினைத்துத் தூங்கக் கூடாது.

இன்னொரு விஷயம். டிக்ரி வந்த பிறகு புரோநோட்டைக் கிழித்துப் போட்டாலும் பயன் இல்லை. கடன் நோட்டை விட்டு டிக்ரிக்குள் போய்விட்டது. உயிர் இப்போது டிக்ரியில்தான் இருக்கிறது.

சம்மனை ஒளித்து வைக்காதீர்கள்

டிக்ரி திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. முதலில் சம்மன் வரும்.

ஆண்பிள்ளை பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருப்பார். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் யாராவது சம்மனை வாங்கலாம். மனைவி வாங்கினாலும் செல்லும். "அவர் வந்தபிறகு சொல்லலாம்" என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தால், ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

சம்மன் கிடைத்து 30 நாளுக்குள் பதில் மனுக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் கோர்ட்டு மேலும் அவகாசம் தரலாம். யாருமே போகாவிட்டால், எதிர்த் தரப்பு சொல்வதை மட்டும் கேட்டு டிக்ரி கொடுத்துவிடுவார்கள். இதற்கு ஒருதலைத் தீர்ப்பு என்று பெயர்.

ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யும்படி மனுப் போடலாம். டிக்ரி தேதியிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும். சம்மனே முறைப்படி வரவில்லை என்றால், டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள்.

பாதிக் கடனைக் கட்டியிருக்கிறீர்களா? நோட்டில் தொகையைக் கூட்டி எழுதிவிட்டார்களா? வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கினார்களா? இதையெல்லாம் சொல்ல வேண்டிய இடம் இதுதான். டிக்ரி ஆனபின் அமீனாவிடம் சொல்லிப் பயன் இல்லை.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்ற அநியாய வட்டிகளைத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி வட்டி கேட்டு மிரட்டினால் போலீசில் புகார் செய்யலாம்.

ராஜாஜி போட்ட சட்டம்

கடனும் கோர்ட்டும் நமது பக்கத்துக்குப் புதிது அல்ல.

தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி. அதற்கு முன் இது சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பழைய சேலம் மாவட்டத்தில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. அந்த ஊர் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. சேலத்தில் வக்கீலாக இருந்தவர் அவர்.

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். மறு வருடம், 1938 மார்ச்சில், விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அமுலுக்கு வந்தது.

அந்தச் சட்டம் என்ன சொன்னது?

1932 அக்டோபர் 1-ந்தேதிக்கு முன் வாங்கிய கடனா? 1937 அக்டோபர் 1-ந்தேதி வரை பாக்கி நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலை மட்டும் கொடுத்தால் போதும். அசலைப்போல இரண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 100 ரூபாய் வாங்கியவன், வட்டியும் முதலுமாக 200 ரூபாய் கட்டியிருந்தால், மேலே ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

அதற்குப் பின் வாங்கிய கடனுக்கு, வட்டியை 100-க்கு 5 வீதம் திருப்பிக் கணக்குப் போட்டார்கள்.

கோர்ட்டில் டிக்ரி ஆகிவிட்ட கடனையும் சட்டம் விட்டுவிடவில்லை. விவசாயி மனுப் போட்டால், கோர்ட்டு டிக்ரித் தொகையைக் குறைத்து எழுதியது. அல்லது, கடன் தீர்ந்தது என்று பதிவு செய்தது.

கடன் கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? வழக்கு டில்லியில் இருந்த பெடரல் கோர்ட்டு வரை போனது. "புரோநோட்டு பற்றிச் சட்டம் செய்ய மாகாணத்துக்கு அதிகாரம் கிடையாது" என்பது அவர்கள் வாதம். நீதிபதிகளில் பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கில் நோட்டுக் கடன் ஏற்கனவே டிக்ரியாக மாறிவிட்டது; ஆகவே நோட்டு பற்றிய பேச்சுக்கே இடம் இல்லை என்று 1940-ல் தீர்ப்புச் சொன்னார்கள்.

நோட்டுக் கடன் டிக்ரிக்குள் போய்விடும் என்று மேலே சொன்னோம் அல்லவா? இந்த வழக்கிலும் அதுதான் நடந்தது.

அந்தக் காலக்கெடுவெல்லாம் முடிந்துபோனது. இன்று வாங்கும் கடனுக்கு ராஜாஜி சட்டத்தைக் காட்ட முடியாது. "எப்படியும் தள்ளுபடி வரும்" என்று கோர்ட்டு உத்தரவை மூலையில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

வட்டி தூங்குவதில்லை

டிக்ரி ஆனபிறகும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வியாபாரக் கடன் அல்லாத சாதாரணக் கடனுக்கு, டிக்ரிக்குப் பிந்திய வட்டி அசல் தொகைமீது வருடத்துக்கு 100-க்கு 6 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வியாபாரக் கடனுக்கு இதைவிட அதிகமாகவும் போடலாம்.

கணக்குப் பார்ப்போம். அசல் ஒரு லட்சம். வட்டி 6 வீதம். ஒரு வருடத்துக்கு 6,000 ரூபாய். மாதத்துக்கு 500 ரூபாய். 4 வருடம் சும்மா இருந்தால் 24,000 ரூபாய். 12 வருடம் ஒளிந்து திரிந்தால் 72,000 ரூபாய்!

ஆகவே, கட்ட முடிந்ததை முடிந்தபோதே கட்டுவது லாபம்.

எப்படிக் கட்டுவது?

வழி இரண்டு.

முதல் வழி, கோர்ட்டில் கட்டுவது. டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டில் பணத்தைச் செலுத்தலாம். செலுத்தியதை டிக்ரிதாரருக்குக் கோர்ட்டு மூலம் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு அவருக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, கட்டிய தொகைக்கு வட்டி நின்றுவிடும். இது பத்திரமான வழி. "நான் வாங்கவில்லை" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. டிக்ரிதாரர் பணத்தை வாங்க மறுத்தாலும், ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

இரண்டாவது வழி, டிக்ரிதாரரிடம் நேரில் கட்டுவது. இதற்கும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பாங்கி மூலமாகவோ, எழுத்து மூலம் ஆதாரம் இருக்கும்படியோ கட்ட வேண்டும். வெறும் கையில் கொடுத்து, வெறும் வாயால் "வரவு" சொல்லிக்கொண்டு வருவது கூடாது.

அதோடு வேலை முடியவில்லை.

30 நாளை மறக்காதீர்கள்!

கோர்ட்டுக்கு வெளியே பணம் வாங்கிய டிக்ரிதாரர், "எனக்குப் பணம் வந்துவிட்டது" என்று கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். இது அவருடைய கடமை.

அவர் தெரிவிக்காவிட்டால்? பணம் கொடுத்தவரே மனுப் போடலாம். கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும். கோர்ட்டு டிக்ரிதாரருக்கு நோட்டீசு அனுப்பும். "பணம் வந்ததை ஏன் பதிவு செய்யக் கூடாது?" என்று கேட்கும். அவர் தகுந்த காரணம் சொல்லாவிட்டால் பதிவு செய்துவிடும். ரசீது, பாங்கிக் கணக்கு போன்ற எழுத்து ஆதாரம் இருந்தால்தான் இந்த மனு நிற்கும். அல்லது டிக்ரிதாரரே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதிவு செய்யாத பணத்தை, டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டு கணக்கில் எடுத்துக்கொள்ளாது. 1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-வது கட்டளை, 2-வது விதி இப்படிச் சொல்கிறது.

பாலக்கோட்டு விவசாயியை அமீனா தேடி வந்தது இதனால்தான்.

ஆகவே, கடைசித் தவணையைக் கொடுக்கும்போது டிக்ரிதாரரையும் கையோடு அழைத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், டிக்ரி முழுவதும் நிறைவேறியது" என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் தாக்கல் செய்யட்டும். கோர்ட்டு பதிவு செய்த உத்தரவுக்குச் சான்று நகல் வாங்குங்கள். அந்த ஒரு தாள், விற்ற மாட்டுக்கும் கழற்றிய தோட்டுக்கும் காவல்.

எதை ஜப்தி செய்ய முடியாது?

அமீனா வந்தால் அடுப்பில் இருக்கும் சட்டியைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது தவறு.

உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது. மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகையைத் தொடக் கூடாது. தாலி பத்திரம்!

தொழிலாளியின் கருவிகளை எடுக்கக் கூடாது. விவசாயி பிழைப்பதற்குத் தேவை என்று கோர்ட்டு கருதும் ஏர், கலப்பை, மாடு, விதைத் தானியம் ஆகியவற்றையும் எடுக்கக் கூடாது. விவசாயியோ, கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்த வீட்டையே அடமானம் வைத்து வாங்கிய கடன் என்றால், இந்தப் பாதுகாப்புக் கிடையாது.

கூலி ஆளின் கூலியைப் பிடிக்க முடியாது. சம்பளக்காரர் என்றால், முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. மாதச் சம்பளம் 16,000 ரூபாய் என்று வையுங்கள். 1,000 போக மீதி 15,000. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5,000 ரூபாயை மட்டுமே பிடிக்கலாம். ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால், அதற்காக மறுபடியும் சம்பளத்தைப் பிடிக்க முடியாது.

பொருளை ஜப்தி செய்ய வருகிறவர், சூரியன் மறைந்தபின்னும் உதிக்கும் முன்னும் வீட்டுக்குள் நுழையக் கூடாது.

ஜெயில் உண்டா?

"பணம் கட்டாவிட்டால் உள்ளே தள்ளிவிடுவேன்" என்று மிரட்டுகிறவர்கள் உண்டு. சட்டம் என்ன சொல்கிறது?

பணம் கொடுக்கச் சொல்லும் டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யக் கூடாது. ஆண்களாக இருந்தாலும், பாக்கி 2,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் சிவில் ஜெயில் கிடையாது. 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் அதிகபட்சம் 3 மாதம்.

அதுவும் ஏழையை அல்ல. 1980-ம் ஆண்டு பிப்ரவரியில் கொச்சி பாங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொன்னது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். கொடுக்க வழியில்லாத ஒரே காரணத்துக்காக ஒருவனைச் சிறையில் போடக் கூடாது. கையில் பணத்தை வைத்துக்கொண்டோ, சொத்தை மறைத்தோ ஏய்க்கிறவனுக்குத்தான் சிறை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஜெயிலுக்குப் போய் வந்தாலும் கடன் தீராது. அது அப்படியே நிற்கும்.

ஏலம் வந்துவிட்டதா?

நிலம் ஏலத்துக்கு வந்தாலும் கதை முடிந்துவிடவில்லை.

கடனை அடைக்க எவ்வளவு நிலம் போதுமோ, அவ்வளவைத்தான் விற்க வேண்டும். அரை ஏக்கர் போதும் என்றால், 4 ஏக்கரையும் ஏலம் போடக் கூடாது என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம்.

ஏலம் முடிவாகும் முன், கடனையும் செலவையும் கொண்டுவந்து கொடுத்தால் ஏலம் நின்றுவிடும்.

ஏலம் முடிந்த பிறகும் 60 நாள் உண்டு. அதற்குள் ஏல அறிவிப்பில் கண்ட கடன் தொகையையும், ஏலம் எடுத்தவருக்காக ஏலத் தொகையில் 100-க்கு 5 வீதமும் கோர்ட்டில் கட்டி, ஏலத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

கடன் தீர்ந்தபின், ஜப்தியையும் நீக்கும்படி உத்தரவு வாங்குங்கள். ஜப்தி உத்தரவு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், அது நீங்கியதையும் பதிவு செய்ய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

மொத்தமாகக் கட்ட முடியவில்லையே!

பலருடைய கஷ்டம் இதுதான். மாங்காய் விற்றால் பணம். மரவள்ளி விற்றால் பணம். பட்டுக்கூடு விற்றால் பணம். மாதாமாதம் கையில் இருக்காது.

வழக்கு நடக்கும்போதே தவணை கேளுங்கள். தகுந்த காரணம் இருந்தால் கோர்ட்டு டிக்ரியிலேயே தவணை கொடுக்கலாம். டிக்ரி ஆனபிறகு கேட்டால், டிக்ரிதாரரின் சம்மதமும் வேண்டும்.

சமாதானமாகப் போக விரும்பினால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. லோக் அதாலத் என்றும் சொல்வார்கள். தர்மபுரியில் மாவட்ட கோர்ட்டு வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கோர்ட்டில் நிற்கும் வழக்கையும், நிறைவேற்று மனுவையும் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அன்றே முடிவு எழுதப்படும். கட்டணம் இல்லை. கோர்ட்டில் ஏற்கனவே கட்டிய கட்டணமும் வாதிக்குத் திரும்பக் கிடைக்கும்.

அங்கே எழுதும் முடிவும் டிக்ரிக்குச் சமம். அதன்மீது அப்பீல் கிடையாது. ஆகவே, கட்ட முடிகிற தவணைக்கு மட்டும் தலையாட்டுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு "மாதம் 10,000 கட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் மாதமே தவறாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர் வருமானக் கணக்கு இல்லாமலே இதைப் பெறலாம். போன் எண் 15100.

கடனுக்கும் ஒரு ஜாதகம்!

கோர்ட்டில் கணக்குத் தீர்ந்தது. இனி பாங்கியில் கணக்கு.

பாங்கி, நிதி நிறுவனம், குழுக் கடன் கொடுக்கும் நிறுவனம் ஆகியவற்றில் நீங்கள் வாங்கிய கடனெல்லாம் ஓர் ஏட்டில் ஏறுகிறது. எப்போது வாங்கினீர்கள், தவணை தவறினீர்களா, எத்தனை நாள் தவறினீர்கள் என்று அதில் எழுதியிருக்கும். வழக்குப் போட்டிருந்தால் அந்தக் குறிப்பும் ஏறலாம்.

இந்த ஏட்டை வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கு: சிபில், ஈக்விபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிப் ஹை மார்க். இவற்றில் சிபில் 2000-ம் ஆண்டில் தொடங்கியது. அதனால் மக்கள் எல்லாவற்றையுமே "சிபில்" என்று சொல்கிறார்கள். 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ரிசர்வ் பாங்கியின் மேற்பார்வையில் இவை நடக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் மார்க் போடுவதுபோல இங்கேயும் மார்க் உண்டு. 300 முதல் 900 வரை. மார்க் அதிகமானால் நாணயமானவர் என்று பாங்கி நம்புகிறது. மார்க் குறைந்தால், மகன் படிப்புக் கடனுக்கும் டிராக்டர் கடனுக்கும் "பிறகு பார்க்கலாம்" என்ற பதில் வரக்கூடும்.

ஊரில் தனி ஆளிடம் நோட்டுப் போட்டு வாங்கிய கடன் இந்த ஏட்டில் ஏறுவதில்லை. ஆனால் மகளிர் குழுவில் வாங்கிய 30,000 ரூபாய்கூட ஏறலாம். "சின்னக் கடன்தானே" என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

குறைத்துக் கட்டினால் லாபமா?

பாங்கியில் ஒரு லட்சம் பாக்கி. "60,000 கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். 40,000 ரூபாய் லாபம் என்று தோன்றுகிறது.

ஆனால் ஏட்டில் என்ன எழுதுவார்கள் தெரியுமா? முழுவதும் கட்டினால் "கணக்கு முடிந்தது" என்று எழுதுவார்கள். குறைத்துக் கட்டினால் "சமரசமாக முடிந்தது" என்று எழுதுவார்கள். பிறகு கடன் கேட்கும்போது, "இவர் முழுவதும் கட்டாதவர்" என்று அடுத்த பாங்கி புரிந்துகொள்ளும்.

கதியே இல்லாவிட்டால் சமரசம் நல்லதுதான். வட்டி ஓட்டம் நிற்கும், வழக்கு முடியும். ஆனால் நகையை விற்றோ, நிலத்தில் ஒரு துண்டை விற்றோ முழுவதும் கட்ட முடியும் என்றால், இரண்டையும் எடைபோட்டுப் பாருங்கள். சமரசம் செய்தால், தொகையையும் கெடு தேதியையும் பாங்கியிடம் எழுத்தில் வாங்கிய பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

கட்டி முடித்ததும் "பாக்கி இல்லை" என்ற சான்று வாங்குங்கள். அடமானம் வைத்த பத்திரங்களை, முழுப் பணமும் கட்டிய 30 நாளுக்குள் பாங்கி திருப்பிக் கொடுக்க வேண்டும். பாங்கியின் தவறால் தாமதமானால், ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் நஷ்டஈடு தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் இது ரிசர்வ் பாங்கியின் விதி.

ஏட்டில் தவறு இருந்தால்?

முதலில் ஏட்டைப் பார்க்க வேண்டும் அல்லவா? நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை உங்கள் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடன் முடிந்து இரண்டு மாதம் கழித்து வாங்கிப் பாருங்கள்.

கட்டிய கடன் இன்னும் பாக்கி என்று இருக்கிறதா? வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா? பாங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் புகார் எழுதுங்கள். பாக்கி இல்லை என்ற சான்றின் நகலையும், கோர்ட்டு உத்தரவின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குமேல் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. அப்படியும் நியாயம் கிடைக்காவிட்டால், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். விவரம் கேட்க போன் எண் 14448.

"5,000 ரூபாய் கொடு, சிபில் மார்க்கை ஏற்றித் தருகிறேன்" என்று யாராவது போன் செய்தால் நம்பாதீர்கள். உண்மையாகத் தவறிய தவணையை யாராலும் அழிக்க முடியாது. இனிமேல் வரும் தவணையை ஒழுங்காகக் கட்டக் கட்ட, மார்க் தானாக ஏறும். போனில் வரும் ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லக் கூடாது.

வசூலுக்கு வரும் ஆளுக்கும் கட்டுப்பாடு உண்டு. பாங்கியின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது. குழுக் கடன் போன்ற சிறுகடன் என்றால், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூடாது.

ஜாமீனும் வாரிசும்

மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறீர்களா? அவர் கட்டாவிட்டால் முழுக் கடனுக்கும் நீங்கள் பொறுப்பு. உங்கள் ஏட்டிலும் கறை விழும். கையெழுத்துப் போடும் முன், "இந்தப் பணத்தை நானே கட்ட முடியுமா?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தகப்பனார் கடனோடு இறந்துவிட்டாரா? பயப்பட வேண்டாம். அவர் விட்டுப்போன சொத்து உங்கள் கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. நீங்கள் சுயமாகச் சம்பாதித்ததை அவருடைய டிக்ரிக்காக எடுக்க முடியாது. ஆனால் நீங்களும் கூடக் கையெழுத்துப் போட்டிருந்தால் விஷயம் வேறு.

கணவர் வாங்கிய கடன் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனைவி குழுவில் வாங்கியது கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமீனா வாசலில் நிற்கும்போது தெரிந்துகொள்வதைவிட, சோறு சாப்பிடும்போது பேசித் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு தகரப் பெட்டி

வீட்டில் பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, பட்டா ஆகியவற்றை வைக்கும் பெட்டி ஒன்று இருக்கும். அதில் கீழ்க்கண்ட தாள்களையும் சேர்த்து வையுங்கள்:

1. டிக்ரியின் நகல்.

2. பணம் கட்டிய ஒவ்வொரு ரசீதும், பாங்கிச் சலானும்.

3. டிக்ரி முழுவதும் நிறைவேறியது என்று கோர்ட்டு பதிவு செய்த உத்தரவின் சான்று நகல்.

4. ஜப்தி நீங்கிய உத்தரவும், அதன்பின் எடுத்த வில்லங்கச் சான்றும்.

5. பாங்கி கொடுத்த "பாக்கி இல்லை" சான்று.

6. கடன் முடிந்தபின் வாங்கிய சிபில் அறிக்கை.

படிக்கத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து, எந்தத் தாள் எதற்கு என்று மேலே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கும் விஷயம் தெரிந்துவிடும். நாளைக்கு நீங்கள் இல்லாத நேரத்தில் எவராவது வந்து "உன் அப்பா கடன் பாக்கி" என்று சொன்னால், அது பெட்டியைத் திறந்து மூன்றாவது தாளை எடுத்துக் காட்டும்.